ஆஸ்பத்திரியில் கூட இருப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி: நோயாளிக்குத் தவறு நேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கூட யாரு இருக்கப் போறா?" என்பதுதான். அப்படி இருக்கப் போகிறவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. மருந்து வாங்கி வர வேண்டும், பில் கட்ட வேண்டும், ட்ரிப்ஸ் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். செய்யக்கூடியது அதைவிட நிறைய இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெறும் 10 பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதாவது ஒரு பாதிப்பு வருகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இறக்கிறார்கள். இந்தப் பாதிப்புகளில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியவை. மருந்து மாறுவது, ஆள் மாறுவது, கையிலிருந்து கைக்குக் கிருமி பரவுவது, நிலைமை மோசமாவதைத் தாமதமாகக் கவனிப்பது என்று காரணங்கள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்ல டாக்டர், அக்கறையான நர்ஸ் இருக்கும் இடத்திலும் இவை நடக்கின்றன. காரணம், நோயாளி கைமாறும் இடங்கள். ஷிஃப்ட் மாறும்போது, வார்டிலிருந்து ஸ்கேனுக்குப் போகும்போது, தியேட்டருக்குள் போகும்போது, ஐசியூவிலிருந்து வெளியே வரும்போது, வீட்டுக்குக் கிளம்பும்போது ஏதாவது ஒரு தகவல் விட்டுப்போகிறது. டாக்டர் மாறுவார், நர்ஸ் மாறுவார், படுக்கையும் மாறும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாமல் கூடவே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்தக் கைமாறும் இடங்களைப் பற்றியது.

கேள்வி கேட்டால் கோவித்துக்கொள்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் பெரும்பாலானவர்கள் கோவித்துக்கொள்வதில்லை. "இது சரியான மருந்துதானா?" என்று கேட்பதைவிட, "சிஸ்டர், இது எதுக்கான ஊசின்னு சொன்னீங்கன்னா நான் எழுதி வெச்சுக்குவேன்" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது அவர் ஒருமுறை சீட்டைப் பார்ப்பார். நமக்கு வேண்டியது அந்த ஒரு பார்வைதான்.

படி 1: கிளம்பும் முன் ஒரு தாள்

அவசரத்தில் கிளம்பும்போது இதை எழுத முடியாது. வீட்டில் வயதானவர்களோ சுகர், பிரஷர் உள்ளவர்களோ இருந்தால் இன்றைக்கே எழுதி, அவர்கள் மாத்திரை டப்பாவிலேயே மடித்து வைத்துவிடுங்கள். முழுப்பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன நோய்கள், முன்பு செய்த ஆபரேஷன்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் என்னென்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் எந்த வேளைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

இரண்டு விஷயங்களைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரல், அசிட்ரோம், வார்ஃபரின் எதுவாக இருந்தாலும் ஆபரேஷனுக்கும் பல் பிடுங்குவதற்கும் முன்னால் அது தெரிந்தாக வேண்டும். இன்னொன்று, நாட்டு மருந்தும் சித்த மருந்தும். "அதெல்லாம் கேட்டா திட்டுவாங்க" என்று மறைப்பார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் எந்த மருந்தையும் முறை பார்த்து வாங்கிக்கொள்வதில்லை.

தாளோடு மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் உள்ள பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிடுவது உண்டு. முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் பெயர் உள்ள பாதியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: பெயர் சரியாக இருக்கிறதா?

நம் ஊரில் பெயர்க் குழப்பம் கொஞ்சம் அதிகம். ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். இனிஷியல் மட்டும்தான் வேறு. அதுவும் ஃபைலில் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் இருக்கும். போதாததற்கு வேலை வேகத்தில் "பதினாலாம் நம்பர் பெட்" என்றே கூப்பிடுவார்கள். படுக்கை எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்பது பாதுகாப்பு விதி. நேற்று 14இல் இருந்தவர் இன்று வேறு படுக்கையில் இருக்கலாம்.

சேர்த்ததும் கையில் கட்டும் பட்டையில் பெயர், வயது, ஐபி எண் (உள்நோயாளியாகச் சேர்க்கும்போது தரும் எண்) மூன்றும் சரியா என்று படித்துப் பாருங்கள். கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். பட்டை இல்லாத ஆஸ்பத்திரி என்றால், அப்பா பெயர் அல்லது கணவர் பெயரோடு ஐபி எண்ணைச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுக்க வந்த பையன், அரைத்தூக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, நீங்கதானே கணேசன்?" என்று கேட்டான். அவர் கண்ணைத் திறக்காமலே "ம்" என்றார். அவர் கணேசன் இல்லை. கணேசனை அப்போதுதான் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அவருடைய மருமகள் எழுந்து சொன்னதால் அந்தக் குழாயில் வேறொருவர் பெயர் ஒட்டப்படாமல் தப்பியது. மயக்கத்தில் இருப்பவரும் காது சரியாகக் கேட்காதவரும் எதற்கும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். அதனால், "உங்க பேரு என்ன?" என்று கேட்பதுதான் சரியான முறை. அவர்கள் அப்படிக் கேட்காவிட்டால், முழுப்பெயரையும் ஐபி எண்ணையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளை உங்கள் கண்முன், அந்தப் படுக்கை அருகிலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 3: மருந்து

அதிகத் தவறு நடப்பதும், நீங்கள் அதிகம் தடுக்கக்கூடியதும் இங்கேதான்.

இந்தியாவில் ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. வீட்டில் ஒரு பெயரில் சாப்பிட்ட பிரஷர் மாத்திரையை ஆஸ்பத்திரியில் வேறு பெயரில் எழுதுவார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் கொடுக்கும் வீடுகள் உண்டு. எனவே கம்பெனிப் பெயரை விடுங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. "டாக்டர், பேரை மட்டும் பெரிய எழுத்துல எழுதித் தர்றீங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காய்ச்சல் மாத்திரையில் இந்தக் குழப்பம் சாதாரணமாக நடக்கிறது. டோலோவிலும் பாராசிட்டமால், கால்பாலிலும் பாராசிட்டமால், சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால், டிரமடால் கலந்த வலி மாத்திரையிலும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. ஒல்லியானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. மூன்று பெயரில் கொடுத்தால் வரம்பு தாண்டுவது யாருக்கும் தெரியாது.

சுகர் நோயாளிகளுக்கு இன்சுலின் போடும் வீடுகளில் இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் வகையும் கிடைக்கிறது. அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனாவுக்குள் இருப்பதும் பொதுவாக 100 யூனிட் வகைதான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 20க்குப் பதில் 8தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், காரணமும் புரியாது. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

வேறு காரணத்துக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன நாளில் சுகர் மாத்திரையும் இன்சுலினும் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வழக்கம்போல் போட்டுவிட்டு, பிறகு ஸ்கேன் மதியம் வரை தள்ளிப்போனால் ஆபத்து. திடீர் வியர்வை, நடுக்கம், உளறல், எரிச்சல் தெரிந்தால் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே என்றால் தாமதிக்கக் கூடாது.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுப்பார்கள். மாற்றிப் போட்டு, வார மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. இந்த மாத்திரை வீட்டில் இருந்தால் எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே தமிழில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "இது வாரம் ஒரு நாள்தான்" என்று வாயாலும் சொல்லுங்கள்.

வார்டில் மருந்து கொடுக்கும்போது கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: யாருக்கு, என்ன, எதற்கு. நேற்று வெள்ளையாக இருந்த மாத்திரை இன்று மஞ்சளாக இருந்தால் கேளுங்கள். மூன்று நாளாக வந்த ஊசி இன்று வரவில்லை என்றாலும் கேளுங்கள். நிறுத்தியிருக்கலாம், விட்டும் போயிருக்கலாம். ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், மருந்து என்று எழுதி வாருங்கள். ஷிஃப்ட் மாறி வரும் சிஸ்டரே சில நேரம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

படி 4: ட்ரிப்ஸ், டியூப், யூரின் பை

ட்ரிப்ஸ் சக்கரத்தை நீங்கள் தொடவே கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பொட்டாசியமோ இதயத்துக்கான மருந்தோ இருந்தால் அது உயிரோடு விளையாடுவது. ஆக்சிஜன் அளவும் அப்படித்தான். குழாயில் தெரியும் ஒன்றிரண்டு சின்னக் காற்றுக் குமிழிகளைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சின்னக் குழாய்) போட்ட இடத்தில் வீக்கம், சிவப்பு, எரிச்சல், தடித்த கயிறு போல நரம்பு தெரிந்தால் உடனே சொல்லுங்கள். "நாளைக்கு மாத்திக்கலாம்" என்றாலும் இன்னொரு முறை சொல்லுங்கள். ஊசி போடும்போது புதுப் பாக்கெட்டை உங்கள் முன் பிரிப்பது முறை.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையிலும் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இடைஞ்சலாக இருக்கிறதே என்று பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பையிலிருந்த சிறுநீர் குழாய் வழியாகத் திரும்ப உள்ளே போகும். கிருமியும் கூடவே போகும். "அண்ணே, பையைக் கீழ மாட்டிக்கலாமா?" என்று சொல்லி நீங்களே பக்கவாட்டுக் கம்பியில் மாட்டிவிடுங்கள். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது, "இந்த டியூப் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். தேவை முடிந்த பிறகும் மறந்துபோய் உள்ளேயே இருக்கும் குழாய்கள்தான் அதிகத் தொற்றைக் கொண்டுவருகின்றன.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் இருந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தாமல் கஞ்சி ஊற்றக் கூடாது. ஊற்றிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் பாசத்தோடு ஒரு வாய் காபி ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும்.

படி 5: கை

1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் கையைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறப்பது சட்டென்று குறைந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கை கழுவ நினைவூட்டத்தான் வேண்டியிருக்கிறது. படுக்கைப் பக்கத்தில் ஒரு சானிடைசர் பாட்டிலை வையுங்கள். யார் நோயாளியைத் தொட வந்தாலும் அது கண்ணில் படும்; பாதிப் பேர் தாமாகவே எடுத்துத் தேய்த்துக்கொள்வார்கள். உங்கள் கையும் இதில் சேர்த்திதான். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் மொத்தம் ஒரு நிமிடம் ஆகும் வேலை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் படுக்கையில் உட்கார வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போனில் விசாரித்தால் போதும்.

படி 6: ஆபரேஷன்

சம்மதப் படிவத்தில் காலி இடம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், ஏன், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் சொல்லக் கேளுங்கள். ஒரு பரிசோதனைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு வேறு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வெறும் வயிறு என்றால் பால் காபியும் கூடாது. திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு; உங்கள் நோயாளிக்கு மயக்க டாக்டர் சொல்வதே முடிவு. பாவம் பார்த்து இரண்டு பிஸ்கட் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போவதைவிட, ஆபரேஷன் நான்கு மணி நேரம் தள்ளிப்போவது மேல்.

வலது, இடது குழப்பம் வராமலிருக்க, நோயாளி விழித்திருக்கும்போதே உடம்பில் பேனாவால் குறி போடுவது முறை. போடவில்லை என்றால் கேளுங்கள். கட்டுப் பல், லென்ஸ், நகப்பூச்சு, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உண்டு. அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு அறுவை சிகிச்சைப் பட்டியலை வெளியிட்டது. அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவரின் குழு, டெல்லி உட்பட 8 நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தது. 100 பேருக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. பெயரைக் கேட்பது, எந்தப் பக்கம் என்று எல்லோரும் ஒருமுறை உரக்கச் சொல்வது, பஞ்சையும் ஊசியையும் எண்ணுவது ஆகியவைதான் அதில் இருப்பவை. "உங்க தியேட்டர்ல அந்தப் பட்டியல் பார்க்கிறீங்களா?" என்று திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் கேட்பது நல்ல கேள்வி.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு, கட்டைப் பாருங்கள். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு மூட்டு ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு அதிக இறுக்கமாக இருந்ததில் ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை எடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் செய்தியை இன்றும் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. கையிலோ காலிலோ கட்டு, மாவுக்கட்டு இருந்தால் முதல் இரண்டு நாள் அடிக்கடி விரல்களைப் பாருங்கள். வெளுப்பு அல்லது நீலம், சில்லிப்பு, மரத்துப்போதல், அசைக்க முடியாமை, வலி மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி ஆகிய இவற்றில் எது இருந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் டூட்டி டாக்டரை வரவழையுங்கள். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "கட்டைத் தளர்த்திப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

படி 7: ரத்தம் ஏற்றும்போது

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது முன்பு அவர் ரத்ததானம் செய்தபோதே தெரிந்திருந்தும் அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று அப்போது வெளிவந்தது. அங்கேயும் கைமாறும் இடத்தில்தான் தகவல் நின்றுபோனது.

பரிசோதனையை நீங்கள் செய்ய முடியாது. ஆனால் பையில் உள்ள பெயர், ஐபி எண், ரத்த வகை மூன்றையும் நோயாளியின் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிட முடியும்; காலாவதி தேதியையும் பார்க்க முடியும். இரண்டு ஊழியர்கள் படுக்கை அருகில் நின்று ஒப்பிடுவதுதான் முறை; கூட நீங்களும் நின்று பாருங்கள். முதல் 15 நிமிடம் நகரவே கூடாது. நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல், தடிப்பு, சிவந்த சிறுநீர் எது வந்தாலும் உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பையை வெந்நீரில் வைத்துச் சூடாக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சொந்தக்காரர்களைக் கட்டாயப்படுத்தி ரத்தம் கொடுக்கவும் வைக்காதீர்கள். கூச்சத்தில் மறைக்கிறவர் கொடுக்கும் ரத்தம் ஆபத்தானது.

படி 8: படுத்தே இருப்பவர்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடிப்பக்கம், குதிகால், இடுப்பு எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்புதான் படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அதைத் தேய்த்துவிடாதீர்கள், சொல்லுங்கள். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் ராத்திரி பாத்ரூம் போகும்போதுதான். செருப்பு, கண்ணாடி, தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஒரு விளக்கு எரியட்டும்.

படி 9: நிலைமை மோசமாகும்போது

"ஒரு மாதிரியா இருக்காரு" என்று சொன்னால் யாரும் ஓடி வர மாட்டார்கள். என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு சுமார் 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். கை கால் சில்லிட்டுப்போவது, புதிதாக உளறுவது, எழுப்பினால் சரியாக விழிக்காதது எல்லாமே தொற்று ரத்தத்தில் பரவுவதன், அதாவது செப்சிஸின், அடையாளமாக இருக்கலாம். காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இப்படிச் சொல்லுங்கள்: "சிஸ்டர், பதினாலாம் பெட் ராமசாமி, நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர். ரெண்டு மணி நேரமா மூச்சு நிமிஷத்துக்கு 28 இருக்கு, என் பேரையே மாத்திச் சொல்றாரு. டூட்டி டாக்டர் இப்பவே வந்து பார்க்கணும்." யார், என்ன ஆனது, என்ன மாறியது, என்ன வேண்டும் என்ற நாலும் அதில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் யாரும் வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள். தனியாரில் தலைமை டாக்டர் அல்லது நிர்வாகம், அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலர். குரலை உயர்த்தாமல், ஆனால் விடாமல் கேளுங்கள். கை ஓங்கினால் அந்த வார்டில் உங்கள் நோயாளியைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி ஆஸ்பத்திரியிலேயே செப்சிஸ் வந்து இறந்தாள். பெற்றோர் கவலைப்பட்டுச் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதன் பிறகு 2024இல் அங்கே 'மார்த்தா விதி' வந்தது. குடும்பத்தார் கேட்டால் வேறொரு மருத்துவக் குழு வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளுக்கும் இப்படி ஒரு விதி கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரும் வரை, "வேற ஒரு டாக்டர் ஒருதடவை பார்க்கலாமா?" என்று நாமே கேட்க வேண்டியதுதான்.

படி 10: ஷிஃப்ட் மாறும்போதும் இடம் மாறும்போதும்

காலை, மதியம், இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள். புதிதாக வருபவரிடம், ஒத்துக்கொள்ளாத மருந்து, இன்று மாறிய மருந்து, எதிர்பார்த்திருக்கும் ரிப்போர்ட் மூன்றையும் ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய் தம்பியோ அக்காவோ வந்தால் அந்த நோட்டும் கைமாற வேண்டும்.

ஸ்கேனுக்குப் போகும்போது ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிவரச் சொன்னால் எம்ஆர்ஐ அறைக்குள் போகாதீர்கள். 2018 ஜனவரியில் மும்பையில் அப்படிச் சிலிண்டரோடு உள்ளே போன உறவினரைக் காந்தம் இழுத்து அவர் இறந்தேபோனார். யார் என்ன சொன்னாலும் வாசலிலேயே நின்றுவிடுங்கள். சேர்ந்த முதல் நாளே மாடிப்படி எங்கே என்றும் பார்த்து வையுங்கள். தீப்பிடித்தால் லிஃப்ட் கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

படி 11: டிஸ்சார்ஜ்

காப்பீட்டு அனுமதி வந்து, பில் முடிந்து, கையில் சம்மரி வரும்போது சாயந்திரம் ஆகிவிடும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. உட்கார்ந்து படியுங்கள். பழைய மாத்திரைத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எது தொடரும், எது நிற்கும், எது புதிது, எத்தனை நாளைக்கு? 1-0-1 என்றால் காலையும் இரவும் என்று புரிந்ததா என்று நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். வாங்கிய மருந்துகளை வார்டுக்குக் கொண்டுவந்து சிஸ்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சதைப் பரிசோதனை, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) போன்ற ரிப்போர்ட்டுகள் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும். அவை யாரும் வாங்காமல் லேபிலேயே கிடப்பதுண்டு. புற்றுநோய் என்று எழுதிய தாள் மூன்று மாதம் அலமாரியில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ரிப்போர்ட், எந்தத் தேதியில், யாரிடம் என்று சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து.

படி 12: தவறு நடந்துவிட்டால்

முதலில் நோயாளி. என்ன நடந்தது, இப்போது என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். தேதி, நேரம் போட்டு எழுதிவையுங்கள். மருந்தால் வந்த பாதிப்பு என்றால் பாட்டிலையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. தமிழ்நாட்டில் சுகாதார உதவிக்கு 104.

தனியார் மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். டாக்டர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இலேயே தீர்ப்பு இருக்கிறது. வழக்குப் போட 2 ஆண்டு கால வரம்பு உண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது.

எங்கே போனாலும் முதலில் கேட்பது மருத்துவப் பதிவேடுகளை. நோயாளியோ அவர் சார்பில் நீங்களோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் நோயாளி பெயர், ஐபி எண், சேர்ந்த தேதி, கேட்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக நேரத்தோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட், நர்ஸ்கள் எழுதிய குறிப்புகள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, எல்லா லேப் ரிப்போர்ட்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "ரிப்போர்ட் வேணும்" என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் கைக்கு வரும்.